ஆங்கிலச் செவ்விலக்கியத்தைச் சிறு பகுதிகளாக வாசித்துச் சுவைக்கும் முறை

கோணேசர் கோயிலில் தேவாரம் பாடுகிறவர் எவரும், சம்பந்தரின் பதிகங்கள் அனைத்தையும் பாடி முடித்தாலன்றித் தமக்கு இன்பம் கிட்டாது என்று எண்ணுவதில்லை. ‘நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும்’ என்று தொடங்கும் ஒரு பாட்டு அவருக்குப் போதும். அதன் ஈற்றடியில் ‘குரைகட லோத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே’ என்று குரல் இறங்கும்போது, பாறையின் அடியில் மோதும் கடலும் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அவரே ஆங்கில இலக்கியம் என்றதும், தடித்த நாவலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும், பக்கத்தில் அகராதி இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்து ஒதுங்கிவிடுகிறார். தமிழ்ச் செய்யுளோடு நாம் பழகிய முறையை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகலாம் என்பதே இங்கு சொல்லவருவது: சிறியதொரு பகுதியை எடுத்துக்கொள்ளுதல், அதை வாய்விட்டுச் சொல்லுதல், பலமுறை சொல்லுதல், பொருளைப் பிறகு தேடுதல்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடலாம். கவிதையானால் பதினான்கு வரிகளுக்கு மேற்படாமலும், உரைநடையானால் ஒரு பத்திக்கு மேற்படாமலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி போதும். பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய நூல்களை இலவசமாகத் தரும் புராஜெக்ட் குட்டன்பேர்க் 1971ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது; அத்தகைய நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து ஒலிப்பதிவாக வழங்கும் லிப்ரிவொக்ஸ் 2005இல் தொடங்கியது. இவ்விரண்டும் கைத்தொலைபேசியிலேயே கிடைப்பதால் நூல் கிடைக்கவில்லை என்ற குறை இன்று இல்லை. எனினும் தெரிந்தெடுத்த பகுதியைத் திரையிலேயே விட்டுவிடாமல், ஓர் அப்பியாசக் கொப்பியில் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் கை மெதுவாகச் செல்வதனால், கண் தாண்டிச் சென்றுவிடும் காற்புள்ளியும் வரி முறியும் இடமும் மனத்தில் தங்கிவிடுகின்றன. கவிதையை எழுதும்போது வரிகளை மூலத்தில் உள்ளவாறே முறிக்க வேண்டும். இடம் போதவில்லை என்று இரண்டு வரிகளை ஒன்றாக்கினால் கவிதையின் மூச்சு குலைந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்குத் திருகோணமலையில் இருப்பவருக்கு விடை எளிது. ஆங்கிலக் கவிஞர்களில் மிகப் பலர் கடலை எழுதியிருக்கிறார்கள். நமக்கோ மூன்று பக்கமும் கடல். பாதிப் பொருள் முன்பே தெரிந்த பகுதியிலிருந்து தொடங்குகிறவருக்கு அகராதியின் தேவையும் பாதியாகக் குறைகிறது.

1609இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் 154 சொனெற்றுகளுள் (சொனெற்று என்பது பதினான்கு வரிக் கவிதை வகை) 60ஆவதை முதற்பயிற்சியாகக் கொள்ளலாம். கூழாங்கற் கரையை நோக்கி அலைகள் விரைவதுபோல நமது நிமிடங்களும் தம் முடிவை நோக்கி விரைகின்றன என்று அது தொடங்குகிறது. அடுத்த இரண்டு வரிகளில், பின்னால் வரும் அலை முன்னால் சென்றதன் இடத்தைப் பிடிக்க, எல்லா அலைகளும் முண்டியடித்து முன்னேறுகின்றன. அறுபதாவது பாடலில் நிமிடங்கள் பேசப்படுவதை வாசகர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். இந்த நான்கு வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆங்கிலச் செய்யுளின் ஓசை எப்படி நடக்கிறது என்பதைப் பழகிவிடலாம். ஆகவே இங்கே சற்று நின்று விளக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் யாப்பு நேரசை, நிரையசை என்று குறிலையும் நெடிலையும் ஒற்றையும் கணக்கிட்டு நடப்பது. ஆங்கில யாப்பு அழுத்தத்தைக் கணக்கிட்டு நடப்பது. ஒரு சொல்லின் எந்த அசையில் குரல் ஊன்றுகிறது, எந்த அசையை இலேசாகத் தொட்டுச் செல்கிறது என்பதே அங்கே சீரைத் தீர்மானிக்கிறது. தமிழ் பேசுகிறவர்களாகிய நாம் ஆங்கிலத்தை வாசிக்கும்போது எல்லா அசைகளுக்கும் ஏறத்தாழ ஒரே எடையைக் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் பாடசாலையில் வாசித்த ஆங்கிலக் கவிதை வெறும் அறிவித்தலைப்போல ஒலித்தது. உச்சரிப்பு இங்கிலாந்துக்காரருடையதைப்போல இருக்க வேண்டும் என்ற கவலையை விட்டுவிடுங்கள். ஷேக்ஸ்பியருடைய உச்சரிப்பே இன்றைய இலண்டன் உச்சரிப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டதாகத்தான் இருந்தது. அழுத்தம் மட்டும் சரியான இடத்தில் விழுந்தாற் போதும்.

அந்தச் சொனெற்றின் முதல் வரியைச் சொல்லிப் பாருங்கள்: ‘லைக் அஸ் த வேவ்ஸ் மேக் டோர்ட்ஸ் த பெபிள்ட் ஷோர்’. இதில் லைக், வேவ்ஸ், டோர்ட்ஸ், பெப், ஷோர் ஆகிய ஐந்து இடங்களில் விரலால் மேசையைத் தட்டுங்கள். மற்றவற்றை அடங்கிய குரலில் கடந்து செல்லுங்கள். ஐந்து தட்டுகள் கொண்ட இந்த வரியே ஆங்கிலச் செய்யுளில் மிகுதியாகப் பயின்று வருவது; ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் மில்டனின் காவியமும் பெரும்பாலும் இதில்தான் நடக்கின்றன. வழக்கமாக இலேசான அசையில் தொடங்கி அழுத்தமான அசைக்கு ஏறும் வரி, இங்கே முதற் சொல்லிலேயே அழுத்தத்தோடு விழுகிறது. கரையில் நின்று முதல் அலை காலில் அடிப்பதை எதிர்பாராமல் உணர்வது போன்ற அந்த மாற்றத்தைக் காது கண்டுகொள்ளும்வரை பொருளுக்குப் போக வேண்டாம்.

ஓசையின் மற்றொரு பகுதியில் நமக்குப் பயிற்சி ஏற்கெனவே உண்டு. வரியின் இறுதியில் ஒலி ஒத்து வருவது நமது இயைபு. சொற்களின் முதலெழுத்து ஒத்து வருவது நமது மோனை. நமக்கு உயிரான எதுகைக்குத்தான் அங்கே பெரிய இடமில்லை. மோனையின் அழகைக் காண ‘த டெம்பெஸ்ட்’ நாடகத்தில் ஏரியல் என்ற காற்றுத் தேவதை பாடும் சிறு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபுல் ஃபாதம் ஃபைவ் தை ஃபாதர் லைஸ்’ என்பது அதன் முதல் வரி. ஐந்து பாகம் ஆழத்தில் உன் தந்தை கிடக்கிறார், அவருடைய எலும்புகள் பவளமாயின, கண்கள் இருந்த இடத்தில் முத்துகள் என்று பாட்டு செல்கிறது. ஆழத்தைப் பாகத்தால் அளக்கும் நமது கடற்றொழிலாளருக்கு இந்த வரியில் விளக்க எதுவுமில்லை.

ஆனால் இந்தப் பாட்டைச் சுவைப்பதற்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். கப்பல் உடைந்து கரையொதுங்கிய இளவரசன் பேர்டினண்டுக்குத்தான் இது பாடப்படுகிறது. அவனுடைய தந்தை உண்மையில் இறக்கவில்லை, அதே தீவின் வேறொரு பக்கத்தில் உயிரோடு இருக்கிறார். இறவாத ஒருவருக்காகப் பாடப்படும் ஒப்பாரி அது. முதல் வாசிப்பில் இதை அறியாமலும், இரண்டாம் வாசிப்பில் அறிந்தும் பாடிப் பார்த்தால், முத்தும் பவளமுமாய் மின்னும் சொற்களின் அழகில் இருக்கும் பொய் தெரியவரும். சிறு பகுதியை எடுக்கும்போது, அது யார் யாருக்கு எந்த நிலையில் சொன்னது என்ற ஒரு வரிக் குறிப்பை மட்டும் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொள்வது நல்லது. கதைச் சுருக்கம் முழுவதும் வேண்டியதில்லை.

கோல்ரிட்ஜின் ‘பழைய மாலுமியின் பாட்டு’ 1798இல் வெளிவந்தது. அதைப் பாட்டிமார் கதை சொல்வதைப்போல விரைவாகவே சொல்ல வேண்டும். நான்கு தட்டு, மூன்று தட்டு, மீண்டும் நான்கு, மீண்டும் மூன்று என்று நடக்கும் நாட்டுப்பாடல் யாப்பு அது. காற்று அடங்கிக் கப்பல் அசையாமல் நிற்கும் பகுதியை எடுங்கள்: சித்திரத்தில் எழுதிய கடலின்மேல் சித்திரத்தில் எழுதிய கப்பலைப்போல நின்றோம் என்கிறான் மாலுமி. சுற்றிலும் தண்ணீர், குடிப்பதற்கு ஒரு துளியில்லை என்ற புகழ்பெற்ற வரிகளும் அடுத்தே வருகின்றன. கச்சான் ஓய்ந்த நண்பகலில் உட்துறைமுகத்தைப் பார்த்தவருக்கு இந்தச் சித்திரம் புதிதன்று. இதை எழுதும்வரை கோல்ரிட்ஜ் நெடுங்கடற் பயணம் எதுவும் செய்திருக்கவில்லை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

வாடைக்காற்றுக் காலத்துக்கு ஏற்றது மத்தியூ ஆர்னல்டின் ‘டோவர் பீச்’. 1867இல் வெளிவந்த இந்தக் கவிதை பதினான்கு வரிகளைவிட நீளமானது. ஆகவே முதற்பகுதியை மட்டும் எடுங்கள். இரவில் அமைதியாய்க் கிடக்கும் கடலைச் சாளரத்தின் ஊடாகப் பார்க்க ஒருவரை அழைத்துவிட்டு, ‘கேள்’ என்ற ஒற்றைச் சொல்லால் பார்வையிலிருந்து செவிக்குத் திருப்புகிறார் கவிஞர். அலை கூழாங்கற்களை உள்ளே இழுப்பதும், திரும்பி வந்து மேட்டில் வீசுவதுமான கரகரத்த ஒலியை அவர் கேட்கச் சொல்கிறார். நமது கரைகள் பெரும்பாலும் மணற்கரைகள். அந்த ஒலி நமக்குப் பழக்கமில்லை. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் கரையில் முருகைக்கல் துண்டுகளை அலை இழுத்துச் செல்லும்போது எழும் ஓசையைக் கேட்டவர்கள் அதை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம். தொடங்கும், நிற்கும், பின்னரும் தொடங்கும் என்று பொருள்படும் வரியின் நடுவில் காற்புள்ளிகள் இரண்டு இருக்கின்றன. அந்த இரண்டிலும் முழுமையாக நின்று சொல்லுங்கள். கவிஞர் நிறுத்தக்குறியால் அலையைச் செய்திருக்கிறார். அவற்றை விழுங்கிவிட்டு வாசிக்கிறவருக்கு அங்கே வெறும் செய்திதான் மிஞ்சும்.

நமக்குத் தெரியாத பொருள்களைப் பற்றிய பகுதிகளை என்ன செய்வது? பனி, ஓக் மரம், வானம்பாடி, வசந்தகாலம் என்று ஆங்கிலக் கவிதையில் நாம் காணாதவை நிறையவே உண்டு. வேர்ட்ஸ்வேர்த்தின் டாஃபடில் பூக்கள் பற்றிய கவிதையைப் பாடசாலையில் படித்த நம்மில் மிகப் பலர் அந்தப் பூவைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். பூவைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. அந்தக் கவிதையின் உயிர் கடைசி ஆறு வரிகளில், வெறுமையாகக் கிடக்கும் வேளையில் முன்பு கண்ட காட்சி அகக்கண்ணில் மின்னுவதில் இருக்கிறது. அகக்கண்ணைப் பற்றிய அந்த இரண்டு வரிகளையும் தந்தவர் தமது மனைவி மேரி என்று கவிஞரே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கவிதையை அதன் இணையோடு சேர்த்து வாசிக்கும்போது சுவை கூடும். 1802 ஏப்ரல் 15ஆம் திகதி கவிஞரும் அவருடைய தங்கை டொரதியும் சேர்ந்துதான் அந்தப் பூக்களைக் கண்டார்கள். டொரதி தம் நாட்குறிப்பில், சில பூக்கள் களைப்பினால் தலையணையில் சாய்வதைப்போலக் கற்களின்மேல் தலைசாய்த்திருந்தன என்றும், மற்றவை ஆடிச் சுழன்றன என்றும் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டு 1807இல் வெளிவந்த கவிதையில், கவிஞர் மேகம்போலத் தனியே அலைகிறார். தங்கை இல்லை, களைத்த பூக்களும் இல்லை. ஒரு பக்கத்தில் நாட்குறிப்பையும் மறுபக்கத்தில் கவிதையையும் எழுதிவைத்து, எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்று பாருங்கள். என்னைக் கேட்டால், அந்தக் களைத்த பூக்களைக் கவிஞர் விட்டிருக்கத் தேவையில்லை என்றே சொல்வேன்.

உரைநடைக்கு வருவோம். உரைநடையைச் சிறு பகுதிகளாகச் சுவைப்பது கவிதையைவிடக் கடினமென்று பலர் எண்ணுவதற்குக் காரணம், கதையின் அடுத்த நிகழ்ச்சியைத் தேடிக் கண் ஓடிவிடுவதுதான். ஆகவே எந்த நிகழ்ச்சியும் இன்னும் தொடங்கியிராத தொடக்கப் பத்திகளை எடுக்க வேண்டும்.

1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் முதல் வாக்கியத்தை அறியாத ஆங்கில வாசகர் இல்லை. நல்ல செல்வமுள்ள மணமாகாத ஆடவனுக்கு ஒரு மனைவி கட்டாயம் தேவைப்படும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட உண்மை என்று அது முழங்குகிறது. இந்த வாக்கியத்தை முதலில் ஒரு தத்துவ ஆசிரியரின் கம்பீரத்தோடு வாசியுங்கள். பின்னர் அடுத்த வாக்கியத்தைச் சேர்த்து வாசியுங்கள்: அத்தகைய ஒருவன் ஊருக்குள் முதன்முதல் காலடி வைக்கும்போது, அவனுடைய எண்ணம் என்ன என்பது எவருக்கும் தெரியாவிட்டாலும், சுற்றியுள்ள குடும்பங்கள் அவனைத் தங்கள் பெண்களில் ஒருத்திக்கு உரிய சொத்தாகவே கருதிவிடுகின்றன. இப்போது முதல் வாக்கியத்துக்குத் திரும்பி, அதைக் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டுத் திண்ணையில் கேட்கும் குரலில் வாசித்துப் பாருங்கள். உலகம் முழுவதும் என்பது நாலைந்து வீடுகள். மனைவி தேவைப்படுவது அவனுக்கல்ல, மாப்பிள்ளை தேவைப்படுவது அவர்களுக்கு. இடமாற்றம் பெற்று ஊருக்கு வந்த இளம் வைத்தியரைப் பற்றியோ, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரைப் பற்றியோ நம் ஊரில் எழும் விசாரணைகளைக் கேட்டவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. எள்ளலைச் சுவைப்பதற்கு ஒரே வாக்கியத்தை இரண்டு குரல்களில் வாசிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆஸ்டினை வாசிக்கத் திருகோணமலையில் இருப்பவருக்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்றுண்டு. அவருடைய தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் பிரித்தானியக் கடற்படையில் ரியர் அட்மிரலாக உயர்ந்து, கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்த காலத்தில், 1852 ஒக்டோபரில் பர்மியப் போரின்போது வாந்திபேதியால் இறந்தார். அவருடைய உடல் நமது நகரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சார்ள்ஸ் 1801இல் கடற்படையில் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு தம் சகோதரிகள் இருவருக்கும் புஷ்பராகக் கற்கள் பதித்த சிலுவைகளும் பொற்சங்கிலிகளும் வாங்கிக்கொடுத்தார். 1814இல் வெளிவந்த ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் ஃபானி என்ற பெண்ணுக்குக் கடற்படையில் இருக்கும் அவளுடைய அண்ணன் ஓர் அம்பர்ச் சிலுவையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். கோத்து அணிவதற்குச் சங்கிலி வாங்க அவனிடம் பணமில்லை. சங்கிலியைப் பற்றிய அந்தச் சில பத்திகளை மட்டும் நாவலிலிருந்து பிரித்தெடுத்து வாசிக்கலாம். தன்னிடம் இல்லாததைப் பிறர் கொடுக்க முன்வரும்போது ஏழைப் பெண் படும் சங்கடம் அவற்றில் மிக நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது.

டிக்கன்ஸை வாசிக்க வேறு வகையான காது வேண்டும். 1852, 1853ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் பகுதிகளாக வெளிவந்த ‘பிளீக் ஹவுஸ்’ நாவல் ‘இலண்டன்.’ என்ற ஒற்றைச் சொல் வாக்கியத்தோடு தொடங்குகிறது. அதன் இரண்டாம் பத்தி மூடுபனியைப் பற்றியது. ஆற்றின் மேற்பக்கம் மூடுபனி, கீழ்ப்பக்கம் மூடுபனி, கப்பல்களின் பாய்மரக் கயிறுகளில் மூடுபனி, முதியவர்களின் கண்ணிலும் தொண்டையிலும் மூடுபனி, கப்பல் தலைவனின் புகைக்குழாயில் மூடுபனி, தளத்தில் நடுங்கும் வேலைப் பையனின் விரல்களில் மூடுபனி என்று அது அடுக்கிச் செல்கிறது. இந்த வாக்கியங்களில் தலைமை வினைமுற்று இல்லை. வினைமுற்று இல்லாமல் ஆங்கில வாக்கியம் எழுதக்கூடாது என்று வகுப்பில் நமக்குச் சொல்லித்தந்தார்கள். டிக்கன்ஸ் ஒரு பத்தி முழுவதையும் அப்படித்தான் எழுதுகிறார். எதுவும் நகராத நகரத்தில் வினை எதற்கு? மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாக வாசித்து, அந்தப் பையனின் விரல்கள் வரும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

நம் மண்ணோடு நேரடியாகத் தொடர்புள்ள ஆங்கில உரைநடையும் ஒன்றிருக்கிறது. புயலில் சேதமடைந்த ‘ஆன்’ என்ற கப்பலைப் பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த றொபேட் நொக்ஸ், 1660 ஏப்ரலில் மூதூர்ப் பக்கத்தில் தம் தந்தையோடும் மற்றவர்களோடும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் உள்நாட்டில் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. 1719இல் வந்த ‘ரொபின்சன் குரூசோ’வுக்கு அந்த நூலும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இலக்கியம் படைக்கும் எண்ணமின்றி எழுதிய மாலுமியின் உரைநடை அது. வாக்கியங்கள் நீளமாக இருந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே நடக்கின்றன. பழைய எழுத்துக்கூட்டலைக் கண்டு மிரள வேண்டாம்; வாய்விட்டு வாசித்தால் அந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடும்.

அதில் எடுக்க வேண்டிய பகுதி, வாசிப்பைப் பற்றியதே. நொக்ஸிடம் இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே இருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏறத்தாழப் பாடமாக்கிவிட்டார். ஒருநாள் சிற்றோடையொன்றில் அவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற புத்தகமொன்றைக் கொண்டுவந்து, இதை வாசிக்க முடியுமா என்று அவருடைய வேலைக்காரப் பையனிடம் விசாரித்தார். அது ஆங்கில வேதாகமம். கையிலிருந்த காசு முழுவதையும் கொடுக்கத் துணிந்த நொக்ஸைப் பையன் தடுத்து, பின்னப்பட்ட தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கித் தந்தான். மகிழ்ச்சியும் அச்சமும் பேரமும் கலந்த இந்தச் சிறு நிகழ்ச்சியை வேறொரு எழுத்தாளர் நெகிழ்ந்து எழுதியிருப்பார். நொக்ஸ் விலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நகர்கிறார். அந்த நிதானத்துக்காகவே இதை மூன்று முறை வாசிக்கலாம்.

இனி நடைமுறைக்குரிய சில குறிப்புகள். அகராதியை மூன்றாம் வாசிப்புக்கு முன்னர் திறக்க வேண்டாம். முதல் இரண்டு வாசிப்புகளில் விளங்காத சொற்களுள் பாதி, பக்கத்துச் சொற்களின் உதவியால் தாமே விளங்கிவிடும். எஞ்சியவற்றின்கீழ் பென்சிலால் கோடிட்டுப் பின்னர் பார்க்கலாம்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பது தனியே வாசிப்பதைவிடப் பயன் தரும். டச்பே கடற்கரையில் மாலையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இது கடினமன்று. ஒருவர் மட்டும் கொப்பியை வைத்திருந்து வாசிக்க, மற்றவர்கள் எதையும் பார்க்காமல் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் காதில் தங்கிய ஒரு சொற்றொடரைச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே தொடரைச் சொன்னால் அது ஏன் என்று பேசலாம். வெவ்வேறாகச் சொன்னால் இன்னும் நல்லது. க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உவமை எது, உருவகம் எது என்று பெயர் குறிக்கும் வேலையைப் பரீட்சைக்கென ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த உவமை இல்லாவிட்டால் வரி எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகள் இதற்குப் பெரியவர்களைவிடக் கூர்மையாக விடை சொல்லக்கூடியவர்கள்.

ஒரு பகுதி மனத்தில் நன்கு ஊறிய பிறகு, அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது பெரிய இன்பம். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பிலும் இருந்த சுவாமி விபுலாநந்தர் ‘ஆங்கிலவாணி’ என்ற கட்டுரையில் ஆங்கிலக் கவிஞர்களின் பகுதிகளைத் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்திருக்கிறார். 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று அழைத்து, அவருடைய நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்திருக்கிறார். அவரைப்போல யாப்பில் எழுத வேண்டியதில்லை. வீட்டில் ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு, அம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ, அந்தப் பகுதியை உங்கள் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் ‘பிறகு?’ என்று கேட்கிறார்களோ, எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களோ, அந்த இடங்களில் மூலத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பழகிய பின்னர் மில்டனிடம் போகலாம். அதற்கு முன்னர் போக வேண்டாம். பார்வையை இழந்த நிலையில் அவர் சொல்லச்சொல்லப் பிறர் எழுதிய ‘பரடைஸ் லொஸ்ட்’ 1667இல் வெளிவந்தது. அதன் முதல் வாக்கியம் பதினாறு வரிகள் நீளமானது. ‘பாடு’ என்று கலைமகளை ஏவும் தலைமை வினை ஆறாவது வரியின் தொடக்கத்தில்தான் வருகிறது. முதலிலேயே வினையை எதிர்பார்க்கும் ஆங்கில வாசகர் இங்கே திணறுவார். வினைக்காகக் கடைசிவரை காத்திருந்து பழகிய தமிழ் வாசகருக்கு இது வீட்டு வழக்கம். ‘உலகம் யாவையும் தாம் உளவாக்கலும்’ என்ற கம்பரின் கடவுள் வாழ்த்தை முதலில் ஒருமுறை சொல்லி, ‘சரண் நாங்களே’ என்ற முடிவுவரை குரலைத் தாழ்த்தாமல் கொண்டுபோகும் பழக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பின்னர் மில்டனின் முதல் ஐந்து வரிகளையும் அதேபோலக் குரல் இறங்காமல் வாசித்து, ஆறாவது வரியின் முதற்சொல்லில் முழு அழுத்தத்தையும் இறக்குங்கள். மீதிப் பத்து வரிகளை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.